ஏகாரத்தின் கால்: ஏற்காட்டுக் காப்பிப் பொட்டலத்துக்கு எழுத்துரு வரைந்த அனுபவம்

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் என் சித்தப்பாவுக்குச் சிறிய காப்பித் தோட்டம் ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கொட்டையை அப்படியே வியாபாரிக்கு எடை போட்டுவிட்டு வந்தவர், சென்ற ஆண்டு முதல் தாமே வறுத்து அரைத்து, 200 கிராம் பொட்டலங்களாகக் கட்டி, மலையில் இரண்டு கடைகளிலும் சேலத்தில் தெரிந்தவர்களிடமும் விற்கத் தொடங்கினார். பொட்டலத்தின் முகப்பை அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் அழைப்பிதழ்களுக்கும் கடை விளம்பரங்களுக்கும் பக்கம் வடிவமைப்பது என் தொழில். மற்றவர்கள் வரைந்த எழுத்துருக்களைப் பயன்படுத்தியே பழகியவன் நான். நானே ஓர் எழுத்துருவை வரைய நேர்ந்தது இதுவே முதல் முறை.

ஆங்கிலப் பெயருக்கான எழுத்தைச் சித்தப்பாவே தேர்ந்துவிட்டார். வீட்டிலிருந்த ஒரு வாசனைத் திரவியப் பெட்டியைக் காட்டி, “இந்த மாதிரி எழுத்துல இருக்கணும் கண்ணு, பார்த்தா ஒரு மரியாதை வருதில்ல” என்றார். அது போடோனி வகை எழுத்து. செங்குத்துத் தண்டுகள் தூண்போலத் தடித்து நிற்க, அவற்றை இணைக்கும் கிடைக்கோடுகள் நூலிழைபோல மெலிந்திருக்கும். தண்டின் அடியிலும் தலையிலும் உள்ள செரிஃப் என்னும் சிறு முனைக்கோடு எந்த வளைவும் இல்லாமல் ஒரு தட்டையான மெல்லிய கோடாக வெட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தடிப்புக்கும் மெலிவுக்கும் இடையிலுள்ள தூரமே அதன் அழகு. திறந்த உரிமத்தில் கிடைக்கும் போடோனி மோடா என்ற எழுத்துருவை இறக்கி, ஆங்கிலப் பெயரைப் பத்தே நிமிடத்தில் அமைத்துவிட்டேன். அதன் கீழே ‘ஏற்காடு காப்பி’ என்று தமிழில் அமைத்தபோதுதான் உண்மையான வேலை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. லதா எழுத்துருவில் அமைத்தால், ஒரே தடிப்புள்ள கம்பியை வளைத்து வைத்ததுபோல இருந்தது. நோட்டோ செரிஃப் தமிழில் தடிப்பும் மெலிவும் உண்டு. ஆனால் அது பத்தி பத்தியாகப் படிப்பதற்கென்று அடக்கமாக வரையப்பட்ட நல்ல எழுத்து, 48 பாயின்ட் அளவில் போடோனியின் பக்கத்தில் நிற்பதற்காக வரைந்ததன்று. இரண்டு மொழியும் ஒரே கையில் பிறந்தவையாகத் தெரிய வேண்டுமானால் தமிழை நானே வரைய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வரைவதற்கு முன், இந்த மெல்லிய கோடு ஐரோப்பாவில் எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது, ஏனென்றால் அதன் காரணம் தெரியாமல் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. பழைய அகன்ற முனைப் பேனா, திரும்பும் திசைக்கேற்பத் தடிப்பை மாற்றும். கூர்முனைப் பேனாவோ அழுத்தினால் விரிந்து தடிக்கும், அழுத்தம் தளர்ந்தால் மயிரிழையாகிவிடும். செப்புத் தகட்டில் செதுக்குபவர்களும் அதே வித்தையைச் செய்தார்கள். அந்தக் கோட்டை ஈய எழுத்தில் கொண்டுவந்தாலும் சொரசொரப்பான தாளில் அது தங்காது. பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் 1757இல் வெளியிட்ட தம் முதல் நூலில், சல்லடைக் கம்பித் தடம் விழாத வழுவழுப்பான தாளையும் கரிய மையையும் பயன்படுத்தி, அச்சிட்ட தாளைச் சூடான தகடுகளுக்கிடையே அழுத்தி எடுத்தார். அந்த வழியில்தான் பாரிசில் ஃபிர்மேன் டிடோ 1784 வாக்கிலும், பார்மா நகரின் கோமகன் அச்சகத்தை 1768 முதல் நடத்திய ஜியாம்பத்திஸ்தா போடோனி அதற்கு அடுத்த ஆண்டுகளிலும் இந்த வகையை அதன் எல்லைக்குக் கொண்டுபோனார்கள். போடோனி 1813இல் மறைந்தார். அவருடைய எழுத்து மாதிரிகளின் பெருந்தொகுப்பை 1818இல் அவர் மனைவி வெளியிட்டார். ஆக, மெல்லிய கோடு என்பது பேனா, தாள், மை மூன்றும் சேர்ந்து கொடுத்த அனுமதி. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டிருந்தும், அச்சகத்தில் போய்த்தான் முழுமையாக உணர்ந்தேன்.

தமிழின் கதை வேறு. ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரியைத் தேய்த்து நிரப்பிய எழுத்தில் தடிப்பும் இல்லை, மெலிவும் இல்லை. எந்தத் திசையில் இழுத்தாலும் கீறல் ஒன்றே. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்து அச்சேறியதும், 1713 முதல் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் நடந்ததும் பெரிய மாற்றங்கள்தான். ஆனாலும் தமிழ் எழுத்தின் எந்தப் பகுதி தடிக்க வேண்டும், எந்தப் பகுதி மெலிய வேண்டும் என்பதற்கு லத்தீன் எழுத்துக்கு இருப்பதுபோல நூற்றாண்டுகளாக ஊறிய கைப்பழக்கம் ஒன்றும் நமக்கு இல்லை. எனக்குக் கிடைத்த மிக நல்ல முன்மாதிரி, கடைப்பலகை எழுதும் ஓவியர்களின் பட்டைத் தூரிகை. சேலம் கடைவீதியில் இன்னும் மிஞ்சியிருக்கும் சில கையெழுத்துப் பலகைகளைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூரிகையைத் தட்டையாகப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்த இடம் தடித்தும், பக்கவாட்டில் ஓட்டிய இடம் மெலிந்தும் இருந்தது. ஆனால் அந்த ஓவியர்கள் விதிக்குக் கட்டுப்படவில்லை. எழுத்து கெட்டுப்போகும் என்று தோன்றிய இடத்தில் தூரிகையைத் திருப்பிக் கிடைக்கோட்டுக்கும் கொஞ்சம் சதை கொடுத்திருந்தார்கள். அவர்கள் எங்கெல்லாம் திருப்பினார்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டதே எனக்குப் பாடநூலாயிற்று.

முதலில் போடோனியின் விதியை அப்படியே வைத்துப் பார்த்தேன்: நிற்பது தடிப்பு, கிடப்பது மெலிவு. ஒவ்வோர் எழுத்தையும் வரையும் ஆயிரம் அலகுகொண்ட சதுரத்தில் தண்டுக்கு 118 அலகும் மெல்லிய கோட்டுக்கு 14 அலகும் கொடுத்தேன். ‘ட’ உடனே உடைந்தது. அந்த எழுத்துக்கு இருப்பதே ஒரு தண்டும் ஒரு படுகோடும்தான். படுகோட்டை நூலாக்கிவிட்டால், சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு வெறும் தூண் மட்டும் தெரிகிறது. லத்தீனில் பெரிய ‘எல்’ எழுத்துக்கும் இதே அமைப்புத்தானே என்று கேட்கலாம். அங்கே படுகோட்டின் முனையில் ஓர் ஆப்புபோன்ற செரிஃப் எழுந்து நின்று, கோடு இங்கே முடிகிறது என்று கண்ணுக்குச் சொல்கிறது. தமிழில் அப்படி ஒரு முனையைச் சேர்த்தால் ‘ட’ வேறு எழுத்தாக மாறப் பார்க்கிறது. பல தாள்களைக் கிழித்தபின், படுகோட்டை இடப்பக்கம் 14 அலகில் தொடங்கி, வலப்பக்க முனையை நோக்கி மெதுவாக 40 அலகுவரை பருக்கவிட்டு, நேராக வெட்டி நிறுத்தினேன். செரிஃப் செய்யும் வேலையை அந்தப் பருமனே செய்துவிட்டது. ‘ப’வுக்கு இடத்தண்டு தடிப்பு, வலத்தண்டு மெலிவு என்று கொடுத்ததில் எழுத்து ஒருபக்கம் சாய்ந்ததுபோல் தெரிந்தது; இரண்டு தண்டுமே தடிப்பாக நின்றால் ‘ப்பி’ என்று இரண்டு அடுத்தடுத்து வரும்போது வேலி நட்டதுபோல ஆயிற்று. முடிவில் இடத்தண்டை முழுத் தடிப்பிலும் வலத்தண்டை அதன் முக்கால் பங்கிலும் வைத்தேன். ‘க’ மட்டும் என்னைச் சோதிக்கவில்லை. நடுத்தண்டு தடிப்பு, மேற்கோடு மெலிவு, வலப்பக்கம் வளைந்து இறங்கும் இடத்தில் மீண்டும் தடிப்பு என்று வைத்தவுடன் அது போடோனியின் கூடப்பிறந்ததுபோல நின்றது. இவ்வளவு கோடுகளைச் சுமந்தும் ‘க’ எவ்வளவு நிதானமான எழுத்து என்பதை வரைந்து பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

அடுத்தது கருமை. தமிழ் எழுத்தில் ஒரே இடத்துக்குள் அதிகக் கோடுகள் அடைந்திருப்பதால், ஆங்கிலத் தண்டின் தடிப்பையே தமிழுக்கும் கொடுத்தால் தமிழ் வரி கறுத்துவிடும். இரண்டு வரிகளையும் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்து, தமிழ்த் தண்டை 118இலிருந்து 96 அலகுக்கு இறக்கியபோது இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்தன. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லாததால், உயரத்தையும் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்துக்குச் சற்றுத் தாழ்வாக வைத்தேன்; சமமாக வைத்தால் தமிழ் கத்துவதுபோல் தெரிகிறது. ‘ற்’ மேலுள்ள புள்ளிக்கு வெற்று வளையமா நிரப்பிய வட்டமா என்ற கேள்விக்கு, ஆங்கிலச் சிறிய ‘ஐ’ எழுத்தின் மேலுள்ள அதே வட்டப் புள்ளியை எடுத்துக்கொண்டேன்.

சுழிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். போடோனி எழுத்துகளில் சில வளைவுகள் ஒரு குமிழில் முடியும். மையைச் சொட்டவிட்டதுபோல அந்தக் குமிழ் உருண்டு நிற்கும். தமிழில் ‘அ’, ‘ண’, ‘ன’, ‘ல’, ‘வ’ எல்லாம் ஒரு சுழியில் தொடங்குவதால், அந்தச் சுழியைக் குமிழாக நிரப்பிவிட்டால் இரண்டு மொழியும் ஒரே அணிகலனை அணிந்துகொள்ளும் என்று எனக்குத் தோன்றியது. வரைந்து பார்த்தபோது, பெரிய அளவில் அது மிக அழகாகவே இருந்தது. ஆயினும் தமிழில் சுழி என்பது அணிகலன் அன்று, எழுத்தின் அடையாளம். பள்ளியில் ‘மூன்று சுழி ண’, ‘இரண்டு சுழி ன’ என்று எண்ணிச் சொல்லித்தான் நாம் இவற்றைப் படித்தோம். எண்ணிக்கையால் அறியப்படும் ஒன்றை நிரப்பிவிட்டால் எண்ணுபவர் எதை எண்ணுவார்? ஆகவே எண்ணப்படும் சுழிகள் எல்லாம் திறந்தே இருக்கும், ‘பி’யின் மேல்விலங்கு, ‘று’வின் வால் போன்று தாமாக முடிகிற முனைகள் மட்டுமே குமிழ் பெறும் என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். பொட்டலத்தின் முகப்பில் ‘ண’வே வராத நிலையில் இந்தக் கட்டுப்பாடு மிகை என்று அப்போது தோன்றாமல் இல்லை.

கணினி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பென்சிலில் வரைந்து, டிரேசிங் தாளில் மை கட்டி, ஸ்கேன் செய்து, ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு அமைக்கும் மென்பொருளில் வளைவுகளை மீண்டும் கையால் அமைத்தேன். தானாகத் தடம் பிடிக்கும் வசதியைப் பயன்படுத்தினால் மெல்லிய கோடுகளில் வளைவைப் பிடித்து நிறுத்தும் புள்ளிகளான கணுக்கள் தேவையில்லாமல் நிறைய விழுந்து கோடு நடுங்குகிறது. ஒவ்வொரு வளைவின் மேல், கீழ், இட, வல உச்சங்களில் மட்டும் கணு வைத்தால் கோடு ஓடும். உயிர் 12, ஆய்தம், மெய்க்கு அடியான 18, உகர ஊகார வரிசைகள் 36, ‘டி’, ‘டீ’, கால், கொம்பு, விலங்கு, புள்ளி, கிரந்த எழுத்துகள் என்று எண்ணிக்கை எண்பதைத் தாண்டுகிறது. முகப்புக்கு வேண்டியவற்றை மட்டும் முதலில் வரைந்துவிட்டு, மீதியை மழைக்கால மாலைகளில் வரைந்தேன். ‘ட’வும் உகரக் குறியும் சேர்ந்தால் ‘டு’ என்ற தனி வடிவம் வர வேண்டும் என்ற இணைப்பு விதிகளைத் மென்பொருள் தமிழை அடையாளம் காணும் பழைய, புதிய குறிச்சொற்கள் இரண்டிலும் எழுத வேண்டும். ஒன்றில் மட்டும் எழுதினால் ஒரு மென்பொருளில் சேரும், இன்னொன்றில் பிரிந்து நிற்கும்.

முகப்பின் பெயர் 48 பாயின்ட். அந்த அளவில் எழுத்தின் சதுரம் 16.93 மில்லிமீட்டர், 14 அலகுக் கோடு ஏறத்தாழ 0.24 மில்லிமீட்டர். வீட்டு லேசர் அச்சுப்பொறியில் ஆர்ட் தாளில் எடுத்த மாதிரி, கத்தியால் கீறியதுபோல வந்தது. அதைச் சித்தப்பாவுக்குக் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டு, செவ்வாய்பேட்டையில், துணித்திரையின் கண்கள் வழியாக மையை இறக்கி அச்சிடும் ஒரு ஸ்கிரீன் அச்சகத்தில் கொடுத்தேன். 500 பொட்டலங்களுக்குத்தான் தேவை என்பதால் ஸ்கிரீன் அச்சே கட்டுப்படியாகும். பழுப்பு கிராஃப்ட் தாள் பை, கரும்பழுப்பு மை, ஒரே நிறம். முதல் இருபது பைகளை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மலையேறினேன். இருபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து வீட்டுக்குள் நுழைந்து பையை நீட்டியதும், சித்தப்பா கண்ணாடியைக் கூடப் போடாமல் வாங்கிப் பார்த்து, “ஏன் கண்ணு, எற்காடுன்னு போட்டிருக்குது?” என்றார்.

ஏகாரத்தின் அடியிலுள்ள சாய்ந்த கால் இருபது பைகளில் பதினேழில் இல்லை. மூன்றில் ஒரு சிறு கீறலாக இருந்தது.

அந்தக் கால் ஒன்றுதான் ‘எ’யையும் ‘ஏ’யையும் பிரிக்கிறது என்பதும், அது வந்த வரலாறும் எனக்குத் தெரியும். பழைய எழுத்தில் குறிலான எகரத்துக்கு மேலே புள்ளி வைப்பது தொல்காப்பியம் சொல்லும் முறை. ஓலையில் அந்தப் புள்ளியைப் பெரும்பாலும் இடாமல் விட்டதால், குறிலா நெடிலா என்பதைப் படிப்பவரே இடம் பார்த்து அறிய வேண்டியிருந்தது. 1680 முதல் 1747 வரை வாழ்ந்த வீரமாமுனிவர்தான் நெடிலுக்குக் கால் இழுத்தும் இரட்டைக்கொம்பு கொடுத்தும் இந்தக் குழப்பத்தைத் தீர்த்தார் என்று சொல்வது மரபு. அப்படி ஒரு தேவைக்காகச் சேர்க்கப்பட்ட கோட்டை நான் அழகுக்காக 14 அலகில் தொடங்கி 6 அலகில் கூர்மையாக முடித்திருந்தேன். 48 பாயின்டில் 6 அலகு என்பது 0.10 மில்லிமீட்டர்.

மறுநாள் அச்சகத்துக்குப் போய், அச்சிடும் அண்ணனோடு உட்கார்ந்து திரையையே உருப்பெருக்கியில் பார்த்தேன். பைகளுக்கு அவர் வழக்கமாகப் பயன்படுத்துவது சென்டிமீட்டருக்கு 77 இழை உள்ள துணி. ஓர் இழைக்கும் அடுத்த இழைக்கும் இடையே 0.13 மில்லிமீட்டர். என் மெல்லிய கோடு இரண்டு இழை அகலம்கூட இல்லை. காலின் முனையோ ஓர் இழைக்கும் குறைவு. மை இறங்க வேண்டிய கண்ணையே நூல் மறைத்துக்கொண்டிருக்க, கோடு எப்படி இறங்கும்? படுகோடுகளிலும் அதே கோளாறு வேறு விதமாக இருந்தது. திரையின் நூலும் எழுத்தின் கோடும் ஒரே திசையில் ஓடியதால், கோடு நூலின் மேல் விழுந்த இடத்தில் மெலிந்தும், இரண்டு நூலுக்கு இடையில் விழுந்த இடத்தில் தடித்தும் ஒரே எழுத்துக்குள் இரண்டு விதமாக அச்சாகியிருந்தது. “நாலு இழையாவது கோட்டுக்குள்ள வரணுங்க, அப்பத்தான் நான் பொறுப்பு” என்றார் அண்ணன். கிராஃப்ட் தாளின் நார் மையை உறிஞ்சித் தடித்த கோட்டை மேலும் தடிக்க வைப்பதையும் அவரே காட்டினார். என் தடிப்பு ஒருபக்கம் வீங்க, மெலிவு மறுபக்கம் தேய, நான் கணினியில் பார்த்த விகிதம் தாளில் வேறாகிவிட்டது.

இரண்டு பக்கமும் மாற்றம் செய்தோம். அவர் 120 இழைத் துணியை, சட்டத்துக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்த்து இழுத்துக் கட்டினார். படுகோடு நூலோடு ஒட்டி ஓடும் கோளாறு அதனால் போயிற்று. நான் மெல்லிய கோட்டை 14இலிருந்து 22 அலகுக்கு உயர்த்தினேன். 48 பாயின்டில் அது 0.37 மில்லிமீட்டர், 120 இழைத் துணியில் நாலரை இழை. தண்டை 96இலிருந்து 92க்கு இறக்கி மை வீங்குவதற்கு இடம் விட்டேன். தண்டும் கோடும் சேரும் உள்மூலைகளில் மை தேங்காதபடி சிறிது குடைந்துவிட்டேன். ஏகாரத்தின் காலைப் புதிதாக வரைந்தேன்: கூர்மையாகத் தேய்வதற்கு மாறாக, தண்டிலிருந்து 30 அலகில் புறப்பட்டு, இறங்க இறங்கப் பருத்து, 56 அலகில் சாய்வாக வெட்டப்பட்ட ஓர் ஆப்பாக அது முடிகிறது. ‘ட’வின் படுகோட்டு முனைக்கு நான் கண்டுபிடித்த அதே தீர்வு இங்கேயும் பொருந்தியதில் எனக்குப் பெரிய நிறைவு. அதே ஆப்பை ரகரத்தின் காலுக்கும் கொடுத்தேன். அங்கேயும் கால் மறைந்தால் ‘ர’ வெறும் துணைக்காலாகிவிடும். எழுத்துக்கு எழுத்து இந்த ஆப்பு திரும்பத் திரும்ப வந்தபோது, ஆங்கிலத்தில் செரிஃப் எப்படி ஒரு குடும்பச் சாயலைக் கொடுக்கிறதோ அதைத் தமிழுக்கு இது கொடுத்தது. இப்போது தமிழ் சற்றுச் சதைபிடித்துவிட, பக்கத்திலுள்ள ஆங்கிலம் வற்றித் தெரிந்தது. போடோனி மோடாவில் 6 பாயின்ட் முதல் 96 பாயின்ட் வரை அளவுக்கேற்பத் தடிப்பை மாற்றிக்கொள்ளும் வசதி இருப்பதால், அதைப் பெரிய அளவிலிருந்து 28 பாயின்டுக்கு இறக்கி, மெல்லிய கோடுகள் இரண்டு மொழியிலும் ஒத்துப்போகச் செய்தேன்.

அந்த வசதியைப் பயன்படுத்தியபோதுதான், பின்பக்கத்துக்கும் இதே எழுத்துருவைச் சுருக்கிப் போடலாம் என்று எண்ணியிருந்தது எவ்வளவு தவறு என்று விளங்கியது. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் தனி அச்சு வெட்டினார்கள். சிறிய அளவுக்கு வெட்டும்போது கோட்டைத் தடிப்பாக்கி, உள்வெளியைத் திறந்து, எழுத்தைச் சற்று அகலமாக்கினார்கள். கணினி வந்து ஒரே வரைவை எல்லா அளவுக்கும் நீட்டிச் சுருக்கியதில் அந்த அறிவு கொஞ்சகாலம் மறந்துபோனது. 1991இல் அமெரிக்க எழுத்துரு வடிவமைப்பாளர் ஜொனாதன் ஹோஃப்லர் தம் டிடோ எழுத்துருவை ஏழு அளவுகளுக்கு ஏழு தனி வரைவுகளாக அமைத்ததற்குக் காரணம் இதுவே. என் பொட்டலத்தின் பின்பக்கத்தில் 9 பாயின்டில் ‘மணம் குறையாமல் இருக்க, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கவும்’ என்ற வரி இருக்கிறது. முகப்பு வரைவையே சுருக்கி எடுத்த ஆஃப்செட் மாதிரியில், ‘ண’வின் முதல் சுழி மையடைத்து, என் வீட்டில் படித்த மூன்று பேரில் இருவர் ‘மனம் குறையாமல் இருக்க’ என்று படித்தார்கள். நானே விலக்கிவைத்த குமிழ், அச்சின் வழியாகத் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆகவே சிறிய அளவுக்கென்று இரண்டாவது வரைவைத் தொடங்கினேன். தண்டு 100 அலகு, மெல்லிய கோடு 44. முகப்பின் முதல் வரைவில் தடிப்பு மெலிவைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு. இரண்டாம் முறை நான்கு மடங்குக்குச் சற்று மேல். சிறிய வரைவில் இரண்டேகால் மடங்குதான். சுழிகளின் உள்வட்டத்தை ஏறக்குறைய இருமடங்காக்கி, ‘ண’வை அகலப்படுத்தி, மூன்று சுழிகளுக்கும் சமமான வெளிச்சம் கிடைக்கச் செய்தேன். முனைக்குமிழ்களை எடுத்துவிட்டு எளிய வெட்டாக மாற்றினேன். பெரிய வரைவின் மிடுக்கு இதில் இல்லை; ஆனால் இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே குடும்பம் என்று தெரிகிறது, காரணம் அந்த ஆப்பு. விலைக்கும் எடைக்கும் தேதிக்கும் சட்டப்படி குறைந்தபட்ச எழுத்து உயரம் இருப்பதால் அங்கே சிறிய வரைவே அமைந்தது. எண்களை வரையாமல் போடோனி மோடாவின் எண்களையே சேர்த்துக்கொண்டேன்.

பொட்டலம் வெளிவந்தபின், செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்யும் என் மாமா மகன் தன் பெட்டிக்கு இதே எழுத்தைக் கேட்டான். கருநீல அட்டையில் வெள்ளி ஃபாயில். உலோக பிளாக்கைச் சூடேற்றி, ஃபாயிலை அட்டையில் அழுத்தி ஒட்டும் முறை அது. ஸ்கிரீனில் சூடுபட்டவன் என்பதால் மெல்லிய கோடுகளைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். 24 பாயின்டில் 0.19 மில்லிமீட்டர் கோடு எந்தக் குறையும் இல்லாமல் மின்னியது. கெட்டது வேறிடத்தில்: ‘வெள்ளிக் கொலுசு’ என்பதில் ஒற்றைக்கொம்பின் சுழிக்குள் இருந்த 0.38 மில்லிமீட்டர் வெளியில் ஃபாயில் பாலம்போல ஒட்டிக்கொண்டு, சுழி முழுவதும் வெள்ளிப் பொட்டாகிவிட்டது. ஸ்கிரீன் கோட்டைத் தின்றது, ஃபாயில் வெளியைத் தின்றது. அந்தச் சுழிகளின் உள்ளகலத்தை 45 அலகிலிருந்து 70க்கு விரித்து அந்தப் பெட்டிக்கென்று தனிக் கோப்பு கொடுத்தேன். வெள்ளிக் கொலுசின் மெல்லிய கம்பியும் அரும்பும் இந்த எழுத்தின் மெலிவும் தடிப்பும்போலவே இருப்பதால், நான் செய்த வேலைகளில் எழுத்தும் பொருளும் மிகப் பொருந்தியது அந்தப் பெட்டி என்றே சொல்வேன்.

பொருந்தாத இடங்களும் உண்டு. சித்தப்பா கடைக்கு வெளியே மலைப்பாதையோரம் பலகை வைக்க விரும்பினார். எழுத்தின் சதுரம் 400 மில்லிமீட்டர் என்னும்போது 22 அலகுக் கோடு கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் ஆகிறதே, மறைய வாய்ப்பில்லை என்று முகப்பு வரைவையே வினைலில் வெட்டி ஓர் அட்டையில் ஒட்டி மேலே கொண்டுபோனேன். காலை ஏழு மணி மூடுபனியில் 30 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் தண்டுகள் மட்டும் வரிசையாக நின்றன, பெயர் தெரியவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 மீட்டருக்கு அப்பாலுள்ள 400 மில்லிமீட்டர் எழுத்து, கையில் பிடித்துப் படிக்கும் 40 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள 15 பாயின்ட் எழுத்துக்குச் சமம். கண்ணுக்கு அது பெரிய எழுத்தே அன்று. பனி வேறு கறுப்பைச் சாம்பலாக்கிவிடும்போது மெல்லிய கோடுதான் முதலில் கரையும். சிறிய வரைவை அதே அளவுக்குப் பெரிதாக்கி மறுவாரம் வைத்தபோது, அதே பனியில் ‘ஏற்காடு காப்பி’ என்று காலோடு சேர்த்துப் படிக்க முடிந்தது. பொட்டலத்தின் பின்பக்கத்துக்கு வரைந்த எழுத்து பலகைக்குப் போனதில் சித்தப்பாவுக்குச் சிறிது வருத்தம். முகப்பிலுள்ள அந்த மிடுக்கு பலகையில் இல்லை என்றார். அவர் சொன்னது சரிதான். இந்த வகை எழுத்து கைக்கெட்டும் தொலைவில், பெரிய அளவில், நல்ல தாளில், சில சொற்களுக்கு மட்டுமே தன் முழு அழகைத் தரும். கட்டுரைப் பத்திக்கும் மருந்துச் சீட்டுக்கும் பேருந்துப் பலகைக்கும் இதை யார் கேட்டாலும் நான் கொடுக்கமாட்டேன்.

இப்போது இரண்டாவது 500 பொட்டலங்கள் அச்சாகிவிட்டன. ஒவ்வொரு கட்டிலும் முதல் பையை எடுத்து, அச்சக அண்ணன் உருப்பெருக்கியை ஏகாரத்தின் காலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றைக் காயப்போடுகிறார். அடுத்து மலைத்தேன் பாட்டிலுக்கு ஒட்டுச்சீட்டு வேண்டும் என்று சித்தப்பா கேட்டிருக்கிறார். ‘தேன்’ என்ற சொல்லுக்கான இரட்டைக்கொம்பு பெரிய வரைவில் இருக்கிறது. சிறிய வரைவில் மேல்சுழியும் கீழ்ச்சுழியும் இன்னும் நெருங்கியே நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 60 அலகு வெளி வேண்டும், எழுத்தின் உயரமோ கூடக்கூடாது. டிரேசிங் தாளில் மூன்று வகையாக வரைந்து வைத்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் பாட்டிலின் வளைவில் ஒட்டிப் பார்க்க வேண்டும்.